வீடு கட்டும்போது எதில் காசு போடணும், எதில் மிச்சம் பிடிக்கலாம்? வயர் முதல் குழாய் வரை ஓர் ஒப்பீடு

கூரை போட்டு, சுவர் எழுப்பி, எலக்ட்ரீஷியனும் பிளம்பரும் உள்ளே வரும் நேரத்தில்தான் வீடு கட்டுகிறவர் கையில் பணம் வற்றத் தொடங்கியிருக்கும். சிமெண்டும் கம்பியும் போட்ட கணக்கைத் தாண்டிப் போயிருக்கும். அந்த நேரம் பார்த்து ஹார்டுவேர் கடையில் ஒரே எல்போவுக்கு (பைப்பை வளைத்துத் திருப்பும் துண்டு) மூன்று விலை சொல்வார்கள், ஒரே அளவு வயருக்கு நாலு விலை. "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்பார் ஒருவர். "போடறதே போடறீங்க, நல்லதா போட்டுடுங்க" என்பார் இன்னொருவர். இருவர் சொல்வதையும் அப்படியே கேட்கக் கூடாது. எல்லாவற்றிலும் மட்டமானதை வாங்கினாலும் நஷ்டம், எல்லாவற்றிலும் உசத்தியானதை வாங்கினாலும் நஷ்டம்.

பெரும்பாலான வீடுகளில் கண்ணில் படும் இடத்தில்தான் காசு கொட்டப்படுகிறது: ஹால் விளக்கு, பளபளக்கும் குழாய், வாசல் கதவின் கைப்பிடி. சுவருக்குள் மறையும் வயரிலும் பைப்பிலும் கை சுருங்குகிறது. இது தலைகீழாக இருக்க வேண்டும். ஒரு பொருளுக்கு அதிக விலை கொடுக்கலாமா என்று முடிவு செய்ய இரண்டு கேள்விகள் போதும். அது கெட்டால், மாற்றுவதற்கு எதை உடைக்க வேண்டும்? கெடும்போது கூடவே வேறு எதைக் கெடுக்கும்? இரண்டுக்கும் "ஒன்றுமில்லை" என்று பதில் வந்தால் மலிவானதை வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்றுக்காவது பெரிய பதில் வந்தால் அங்கே பேரம் பேச வேண்டாம்.

பாத்ரூம் சுவருக்குள் இருக்கும் ஒரு பிளாஸ்டிக் எல்போவையே எடுத்துக்கொள்ளலாம். நல்லதுக்கும் மட்டமானதுக்கும் விலை வித்தியாசம் ஒரு காபிக் காசுதான். அது கசிந்தால் டைல்ஸை உடைக்க வேண்டும், பிளம்பர் கூலி தனி, டைல்ஸ் ஒட்டுகிறவர் கூலி தனி. அதே நிற டைல்ஸ் அதற்குள் கடையில் நின்றுபோயிருக்கும். கீழ் வீட்டுக் கூரையில் ஈரம் படர்ந்திருந்தால் அந்தப் பெயிண்டும் உங்கள் தலையில்தான்.

வயர்: எடை போட்டுப் பாருங்கள்

லைட், ஃபேனுக்கு ஒன்றரை ஸ்கொயர் (உள்ளே இருக்கும் செம்பின் குறுக்குவெட்டு, சதுர மி.மீ. கணக்கில்), 16 ஆம்பியர் பவர் பாயிண்டுக்கு இரண்டரை, ஏசிக்கும் கீசருக்கும் நாலு. வீட்டு வயரிங்கில் பழகிப்போன கணக்கு இது. எர்த் வயரில் அளவைக் குறைப்பது தவறு. பவர் பாயிண்டுக்கு இரண்டரை ஸ்கொயர் ஃபேஸ் போட்டால் எர்த்தும் இரண்டரைதான் போக வேண்டும். ஃபேஸ் எர்த்தில் பட்டு ஷார்ட் ஆகும்போது பெரும் கரண்ட் அந்த வழியாகத்தான் ஓடும்.

மலிவு வயரில் ஏமாற்று இரண்டு விதம். ஒன்று, மேலே "2.5" என்று அச்சடித்து உள்ளே செம்பைக் குறைப்பது. இன்னொன்று, அலுமினியக் கம்பிக்குச் செம்பு முலாம் பூசிச் செம்பு என்று விற்பது. இரண்டையும் வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம்.

பெயரளவுக் கணக்குப்படி 90 மீட்டர் காயிலில் ஒன்றரை ஸ்கொயருக்குச் செம்பு மட்டும் சுமார் 1.2 கிலோ, இரண்டரைக்கு 2 கிலோ, நாலுக்கு 3.2 கிலோ வரும். தரநிர்ணயம் எடையைப் பார்ப்பதில்லை, மின்தடையைத்தான் பார்க்கிறது. அதனால் நல்ல கம்பெனி வயரிலும் செம்பு இதைவிடச் சற்றுக் குறையலாம். ஆனால் அதன்மேல் பிளாஸ்டிக் உறையின் எடையும் சேரும். உறையோடு சேர்த்தே இரண்டரை ஸ்கொயர் காயில் 2 கிலோவைத் தொடவில்லை என்றால் அதை வாங்க வேண்டாம். கடையில் தராசு இருந்தால் ஒரே அளவில் இரண்டு கம்பெனி காயிலை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள்.

மல்டிமீட்டர் இருந்தால் இன்னும் நல்லது. இழைகளாக முறுக்கிய செம்பு வயருக்கு 20 டிகிரி வெப்பத்தில் அனுமதிக்கப்பட்ட மின்தடை, ஒன்றரை ஸ்கொயரில் கிலோமீட்டருக்கு 13.3 ஓம், இரண்டரையில் 7.98, நாலில் 4.95. அதாவது 90 மீட்டர் ஒன்றரை ஸ்கொயர் காயிலின் இரு முனையிலும் பிடித்தால் 1.2 ஓமுக்குள் காட்ட வேண்டும். நம் ஊர் வெயிலில் ஒன்றேகால் வரை போகலாம். மீட்டரின் இரண்டு முனைகளையும் முதலில் ஒன்றோடொன்று தொட வைத்து, அப்போது காட்டும் எண்ணைக் கழித்துவிடுங்கள். சாதாரண மீட்டரில் அதுவே 0.2, 0.3 ஓம் இருக்கும். 1.8, 2 என்று காட்டினால் உள்ளே செம்பு குறைவு, அல்லது அது செம்பே இல்லை.

முலாம் பூசியதைக் கண்டுபிடிக்க ஓர் இழையை பிளேடால் சுரண்டினால் போதும். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம். (வெளியே வெள்ளை, சுரண்டினால் உள்ளே சிவப்பு என்றால் அது வெள்ளீயம் பூசிய செம்பு, பயப்பட வேண்டாம்.) அலுமினிய இழை செம்பைவிட ஏறக்குறைய 1.6 மடங்கு மின்தடை உள்ளது, ஆகவே அதே கரண்டில் அவ்வளவு கூடுதலாகச் சூடாகும். அதைவிட மோசம், சாக்கெட்டில் திருகும் இடம். திருகின் அழுத்தத்தில் அலுமினியம் மெல்ல நசுங்கி விலகும், மேல்பரப்பில் ஆக்சைடு படியும், பிடிப்பு தளரும். தளர்ந்த இடத்தில் சூடு, சூட்டில் இன்னும் தளர்வு. கீசர் பிளக்கின் பின் கறுத்து, பிளாஸ்டிக் உருகும் வாடை வருவதற்குப் பல வீடுகளில் இதுதான் காரணம்.

எஃப்.ஆர். என்று போட்டிருப்பது தீ பரவாமல் தடுக்கும் உறை. எஃப்.ஆர்.எல்.எஸ்.ஹெச். என்பது எரிந்தாலும் புகையும் நச்சு வாயுவும் குறைவாக விடும் உறை. தனி வீட்டில், பைப்புக்குள் போகும் வயருக்கு எஃப்.ஆர். போதும். படிக்கட்டு ஒன்றே வெளியேறும் வழியாக இருக்கும் அடுக்குமாடியில் இரண்டாவதற்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பது நியாயம். எதுவானாலும் உறை மேல் ஐ.எஸ். 694 என்ற எண்ணும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் உரிம எண்ணும் அச்சாகியிருக்க வேண்டும்.

வயர் போகும் பைப்பில் மிச்சம் பிடிப்பதுதான் எல்லாவற்றிலும் வீண் மிச்சம். லைட், மீடியம், ஹெவி என்று மூன்று தரம் உண்டு. கூரை கான்கிரீட்டுக்குள் லைட் பைப்பைப் போட்டால், ஆட்கள் மேலே நடக்கும்போதும் வைப்ரேட்டர் ஓடும்போதும் நசுங்கும், இல்லையென்றால் இணைப்பு கழன்று சிமெண்ட் பால் உள்ளே இறங்கும். அது தெரிவது மூன்று மாதம் கழித்து, வயர் இழுக்கும்போது. அப்புறம் கூரையைக் கொத்த முடியாது. சுவர் ஓரமாக வெளியே பிளாஸ்டிக் பட்டை அடித்து வயர் கொண்டுபோக வேண்டியதுதான். கூரைக்குள் மீடியத்துக்குக் குறையாமல், 25 மி.மீ. போடுங்கள். இணைப்புகளைப் பசை போட்டு ஒட்டச் சொல்லுங்கள், வெறுமனே செருகிவிட்டுப் போக விடாதீர்கள்.

டிபி பாக்ஸும் சுவிட்சும்

வீட்டுக் கரண்டைப் பிரித்து அனுப்பும் டிபி பாக்ஸில் இருக்கும் எம்.சி.பி.யும் (லோடு கூடினாலோ ஷார்ட் ஆனாலோ வெட்டுவது) ஆர்.சி.சி.பி.யும் (கரண்ட் கசிந்தால் வெட்டுவது) கழற்றி மாட்டக்கூடியவைதான். முதல் கேள்விப்படி பார்த்தால் மலிவானது போதும். இரண்டாவது கேள்வியில் அவை தோற்கின்றன. எம்.சி.பி. வயரைக் காப்பாற்றும், ஆளைக் காப்பாற்றாது. ஷாக் அடிக்கும்போது உடம்பு வழியாக ஓடுவது மில்லியாம்பியர் கணக்கில். அதற்கு எம்.சி.பி. அசையவே அசையாது. 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. மட்டும்தான் அந்தக் கசிவைப் பார்த்து வெட்டும். இந்த ஒன்றில் பெயர் தெரியாத கம்பெனி வேண்டவே வேண்டாம். பொருத்தியபின் மாதம் ஒரு முறை அதிலிருக்கும் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள். விழவில்லை என்றால் மாற்றிவிட வேண்டும்.

"ஆர்.சி.சி.பி. போட்டால் அடிக்கடி விழும், எடுத்துடலாம்" என்று சொல்லும் எலக்ட்ரீஷியன்கள் இருக்கிறார்கள். அடிக்கடி விழுவதற்குக் காரணம் பெரும்பாலும் இரண்டுதான்: ஒரு சர்க்யூட்டின் நியூட்ரலை இன்னொன்றோடு கலந்து கட்டியிருப்பார்கள், இல்லையேல் கீசர் காயிலோ வெளி விளக்கோ ஈரத்தில் உண்மையிலேயே கசிந்துகொண்டிருக்கும். கலந்த நியூட்ரலைப் பிரிப்பதும் கசிவைக் கண்டுபிடிப்பதும்தான் வேலை. காவலை எடுத்துவிடுவது வேலை அல்ல.

சுவிட்சில் நிலைமை வேறு. லைட், ஃபேன் சுவிட்ச் நடுத்தர விலையில் இருந்தாலே போதும். கெட்டால் பத்து நிமிடத்தில் மாற்றலாம். 16 ஆம்பியர் சாக்கெட் மட்டும் நல்லதாக இருக்கட்டும், ஏனென்றால் கீசரும் இண்டக்‌ஷன் அடுப்பும் அங்கேதான் மணிக்கணக்கில் கரண்ட் இழுக்கும். மாடுலர் சுவிட்ச் வாங்கும்போது விலையைவிட முக்கியமாகப் பார்க்க வேண்டியது, அந்த வரிசை உங்கள் ஊர்க் கடையில் எப்போதும் கிடைக்குமா என்பது. ஒரு கம்பெனி சுவிட்ச் இன்னொரு கம்பெனி பிளேட்டில் உட்காராது. ஆன்லைனில் பாதி விலைக்குக் கிடைத்த பெயரில்லாத செட்டில் ஒரு சுவிட்ச் போனால் எட்டு மாடுல் பிளேட்டையே மொத்தமாக மாற்ற வேண்டிவரும். வெளிநாட்டுக் கம்பெனியின் உசத்தி வரிசைக்கும் இதே கதிதான், அந்த வரிசையை அவர்கள் நிறுத்திவிட்டால்.

தண்ணீர் பைப்: ஒட்டுகிற வேலைதான் பாதித் தரம்

சுடுதண்ணீருக்கு சிபிவிசி, பச்சைத் தண்ணீருக்கு யுபிவிசி என்று பிரித்துப் போடுவது நியாயமான சிக்கனம். கீசர் லைனுக்கும் யுபிவிசியையே ஓட்டிவிடுவது நியாயமே இல்லை. சூட்டில் அது இளகி, இணைப்புகள் விட்டுக்கொடுக்கும். தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டு தண்ணீர் கொதிக்கும் அன்றைக்குத்தான் அது தெரியவரும்.

சிபிவிசியில் எஸ்.டி.ஆர். 11, எஸ்.டி.ஆர். 13.5 என்று இரண்டு வரும். வெளி விட்டத்தைச் சுவர்த் தடிமனால் வகுத்தால் வரும் எண் அது. ஆகவே எண் சிறியது என்றால் பைப் தடிமன். முக்கால் இஞ்சில் 11 ஏறக்குறைய 2 மி.மீ. தடிமன், 13.5 என்றால் 1.6 மி.மீ. மாடித் தொட்டியிலிருந்து தானாக இறங்கும் தண்ணீருக்கு 13.5 தாங்கும். கீசர் லைனுக்கும், பிரஷர் பம்பு வைக்கப்போகிற வீட்டுக்கும் 11தான். சுவருக்குள் போவது எல்லாம் 11 ஆகவே இருக்கட்டும் என்பது எங்கள் கருத்து. மொத்த வீட்டுச் செலவில் அந்த வித்தியாசம் தெரியாது.

பைப் எவ்வளவு உசத்தியாக இருந்தாலும் ஒட்டுவதில் கோட்டை விட்டால் கசியும். பிவிசி பசையைச் சிபிவிசிக்குப் போடக் கூடாது. வெட்டிய முனையில் பிசிறை எடுத்துவிட வேண்டும். பைப்பின் வெளிப்பக்கமும் ஃபிட்டிங்கின் உள்பக்கமும் பசை தடவி, உள்ளே தள்ளிக் கால் சுற்று திருப்பி, அரை நிமிடம் அப்படியே பிடிக்க வேண்டும். பிடிக்காமல் விட்டால் மெல்லப் பின்னுக்கு நழுவும். பசையை அள்ளி ஊற்றுவதும் தவறு, உள்ளே தேங்கி பைப்பையே இளக்கிவிடும். குழாய் மாட்டும் இடங்களில் பித்தளை மரை வைத்த எல்போதான் வேண்டும். வெறும் பிளாஸ்டிக் மரையில் இரும்பு நிப்பிளைத் திருகினால் முதல் நாள் ஒன்றும் ஆகாது. மயிரிழை விரிசல் சில மாதம் கழித்துத் திறக்கும்.

பூச்சு வேலைக்கு முன் பிரஷர் டெஸ்ட் கட்டாயம். எல்லா முனைகளையும் மூடி, உள்ளே காற்று இல்லாமல் தண்ணீர் நிரப்பி, கை பம்பால் 5, 6 கிலோ அழுத்தம் ஏற்றி இரவு முழுக்க விடுங்கள். காலையில் முள் இறங்கியிருந்தால் எங்கே ஈரம் என்று தேடலாம், சுவர் இன்னும் திறந்துதான் இருக்கிறது. பம்பு வாடகை மிகச் சிறிய தொகை.

மொட்டை மாடியில் வெயிலில் ஓடும் சிபிவிசிக்கு வெள்ளை எமல்ஷன் அடித்துவிடுங்கள். அடிக்காவிட்டால் வெயில் பட்டு பைப் மொறமொறவென்று ஆகிவிடும். ஆயில் பெயிண்ட் வேண்டாம், அதிலுள்ள கரைப்பான் பைப்பைத் தின்னும்.

கழிவுநீர் பைப்பில் டைப் ஏ, டைப் பி என்று இரண்டு. 110 மி.மீ. பைப்பில் ஏ குறைந்தது 2.2 மி.மீ. தடிமன், பி 3.2. மழைநீருக்கும் காற்றுப் போக்கிக்கும் ஏ போதும், மிச்சம் பிடிக்க ஏற்ற இடம் அது. டாய்லெட் லைனுக்கு பி. விலைப் பட்டியலில் "110 எஸ்.டபிள்யூ.ஆர்." என்று மட்டும் எழுதியிருந்தால் எந்த டைப் என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

பாத்ரூம் தரைக்கு அடியில் இருக்கும் நானி டிராப்பிலும் (தண்ணீர் நின்று நாற்றத்தைத் தடுக்கும் வடிகால் கிண்ணம்) மிச்சம் பிடிக்கக் கூடாது. ஆழமில்லாத மலிவு டிராப்பில் நிற்கும் தண்ணீர், நாலு நாள் ஊருக்குப் போய்வந்தால் காய்ந்துவிடும். நாற்றமும் கரப்பானும் அதன் வழியாகத்தான். நிற்கும் தண்ணீரின் ஆழம் குறைந்தது 50 மி.மீ. இருக்க வேண்டும். அதற்குக் கீழே சங்கன் ஸ்லாபுக்கு (பாத்ரூமுக்காகப் பள்ளமாக இறக்கிப் போட்ட கான்கிரீட் தளம்) அடிக்கும் வாட்டர்ப்ரூஃபிங், வீட்டிலேயே எந்தக் காரணத்துக்கும் குறைக்கக் கூடாத செலவு. இரண்டு கோட், ஒன்றுக்கொன்று குறுக்கே, மூலைகளில் துணி வைத்து, சுவரில் ஓர் அடி உயரம் வரை ஏற்றி அடித்து, 48 மணி நேரம் தண்ணீர் கட்டி நிறுத்திக் கீழே பார்க்க வேண்டும். இது சரியில்லாமல் மேலே எவ்வளவு விலையுள்ள டைல்ஸ் ஒட்டினாலும் ஒருநாள் அதை உடைத்துத்தான் ஆக வேண்டும்.

குழாயில் நிலைமை மாறுகிறது

சுவருக்கு வெளியே வந்துவிட்டோம், இனி கஞ்சத்தனம் செய்யலாம். குழாய் என்பது ரெஞ்ச் வைத்துப் பத்து நிமிடத்தில் மாற்றுகிற பொருள். கடை அலமாரியில் கிடைப்பது முக்கியமாக மூன்று வகை: பித்தளையில் குரோம் முலாம் பூசியது, துத்தநாகக் கலவையில் முலாம் பூசியது, பிடிஎம்டி எனும் வெள்ளைப் பிளாஸ்டிக். நடுவில் சொன்னதுதான் ஏமாற்றுச் சரக்கு. பார்க்கப் பித்தளை போலவே மின்னும், கையில் எடுத்தால் லேசாக இருக்கும். முலாம் உரிந்ததும் உப்புத் தண்ணீரில் அரித்து, மரை சுவருக்குள்ளேயே முறிந்து நிற்கும். அதைவிட பிளாஸ்டிக் குழாய் எவ்வளவோ மேல். போர் தண்ணீரில் உப்பும் மணலும் அதிகமுள்ள வீட்டில் வாசல் குழாய், துணி துவைக்கும் இடம், மாட்டுக் கொட்டகை எல்லாவற்றுக்கும் பிடிஎம்டி போடுங்கள். அரிக்காது, திருட்டுப் போகாது.

உள்ளே இருக்கும் வால்வையும் பாருங்கள். பழைய மாதிரி திருகுக் குழாயில் ரப்பர் வாஷர். தேய்ந்தால் சில ரூபாயில் வீட்டிலேயே மாற்றலாம். கால் திருப்பலில் திறக்கும் புதுக் குழாயில் இரண்டு செராமிக் தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று உரசி மூடுகின்றன. கார்ப்பரேஷன் தண்ணீரில் அது பல வருடம் சொட்டாமல் ஓடும். மணல் வரும் போர் தண்ணீரில் தட்டு கீறி, கீறல் வழியே சொட்டத் தொடங்கும். அப்போது அதே அளவு ஸ்பிண்டில் (அந்தத் தட்டுகள் உள்ள உள்பகுதி) கிடைக்க வேண்டும். தொட்டியிலிருந்து இறங்கும் லைனில் ஒரு வலை ஃபில்டர் வைத்தால் விலை குறைந்த குழாயும் நீடிக்கும், வைக்காவிட்டால் விலை உயர்ந்ததும் நீடிக்காது.

தண்ணீரை ஷவருக்கோ குழாய்க்கோ திருப்பிவிடும் ஷவர் டைவர்ட்டர் மட்டும் விதிவிலக்கு. அதன் உடல் சுவருக்குள் இருக்கிறது. உள்ளே உள்ள கார்ட்ரிட்ஜ் தனியாக விற்கிற, ஊரில் சர்வீஸ் இருக்கிற கம்பெனியாகப் பார்த்து வாங்குங்கள். அல்லது சுவருக்கு வெளியே நிற்கும் வால் மிக்ஸரை வையுங்கள். அழகு சற்றுக் குறைவு, ரிப்பேர் எளிது. வெஸ்டர்ன் டாய்லெட்டிலும் அப்படியே. சுவருக்குள் மறையும் ஃபிளஷ் டேங்க் விலை பல மடங்கு. அதன் ரப்பர் சீல் உப்பில் இறுகிப்போனால் பட்டன் பிளேட்டின் சின்ன இடைவெளி வழியாகக் கைவிட்டுத்தான் மாற்ற வேண்டும், உதிரியும் அந்தக் கம்பெனியிடம் மட்டும்தான். வெளியே தெரியும் சாதாரண டேங்க்கை எந்தத் தெருப் பிளம்பரும் அரை மணியில் சரிசெய்வார். போர் தண்ணீர் வீட்டுக்கு விலை குறைந்ததுதான் நீடித்து உழைப்பது.

விலை சின்னது, சேதம் பெரியது என்று ஒரு பொருள் உண்டு: வாஷ்பேசினுக்கும் கீசருக்கும் போகும் கனெக்‌ஷன் ஹோஸ். மலிவு ஹோஸின் நட் துத்தநாகக் கலவை. இறுக்கிய இழுவிசையிலேயே நாளடைவில் விரிசல் விட்டு, பெரும்பாலும் வீட்டில் ஆளில்லாத நேரத்தில் பிளக்கும். மேல் தொட்டி முழுக்க ஹாலில் கொட்டிவிடும். பித்தளை நட் உள்ளதை வாங்கி, ஐந்து வருடத்துக்கு ஒரு முறை மாற்றிவிடுங்கள். டாய்லெட் பக்கத்தில் மாட்டும் கை ஷவரான ஹெல்த் ஃபாசெட்டுக்கும் இதே ஆபத்து. அது எந்த விலையானாலும் உபயோகித்தபின் கீழே ஆங்கிள் வால்வை மூடுகிற பழக்கம் வேண்டும்.

விலை கூடினால் நீடிக்குமா? ஃபேனைப் பாருங்கள்

சாதாரண சீலிங் ஃபேன் சுமார் 75 வாட் எடுக்கும், பிஎல்டிசி ஃபேன் (பிரஷ் இல்லாத டிசி மோட்டார் உள்ளது) 30 வாட் சுற்றி எடுக்கும். ஒரு நாளைக்கு 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாத பில்லில் ஒரு ஃபேனுக்கு 32 யூனிட் குறையும். நாலு ஃபேன் ஓடும் வீட்டில் 130 யூனிட். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டியதும் கட்டணப் படி மாறிவிடுவதால், அந்த எல்லையை ஒட்டி நிற்கும் வீட்டுக்கு இது பெரிய காசு. இலவச யூனிட்டுக்குள் முடிகிற சின்ன வீட்டுக்கு இதனால் ஒரு பைசா லாபமில்லை.

ஆனால் ஆயுளில் பழைய ஃபேனை அடிப்பது கஷ்டம். அதில் கெடுவது கெப்பாசிட்டர், பேரிங், வைண்டிங் மூன்றும்தான், மூன்றுக்கும் எந்த ஊரிலும் ஆள் உண்டு. மெதுவாகச் சுற்றினால் கெப்பாசிட்டர், 2.5 மைக்ரோஃபாரட், வாங்கி மாற்றினால் முடிந்தது. பிஎல்டிசியில் ஒரு சர்க்யூட் போர்டு இருக்கிறது. கரண்ட் ஏற்ற இறக்கத்திலும் இடியிலும் போவது அதுதான், அது அந்தக் கம்பெனியிடம் மட்டுமே கிடைக்கும். ஆகவே நாள் முழுக்க ஓடும் ஹாலுக்கும் படுக்கையறைக்கும் பிஎல்டிசி, உத்தரவாதம் போர்டுக்கும் சேர்த்தா என்று கேட்டு வாங்குங்கள். விருந்தாளி அறைக்கும் பூஜையறைப் பக்கத்துக்கும் பழைய மாதிரியே போதும். 2023 ஜனவரி முதல் எல்லா சீலிங் ஃபேனுக்கும் நட்சத்திர முத்திரை கட்டாயம் என்பதால் லேபிளில் உள்ள எண்ணை ஒப்பிட்டுப் பார்க்கலாம். பிஎல்டிசிக்குப் பழைய ரெகுலேட்டரைப் போடக் கூடாது. இருந்தால் எடுத்துவிட்டு நேர் சுவிட்சாக மாற்றச் சொல்லுங்கள்.

ஸ்டீலும் பிளைவுட்டும்

கீல், தாழ்ப்பாள், கைப்பிடி எல்லாம் "எஸ்.எஸ்." என்றுதான் விற்பார்கள். 304 என்றால் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். 202 என்றால் நிக்கலைப் பாதியாக்கி மாங்கனீஸ் சேர்த்தது. கடைக்காரர் காந்தம் வைத்துக் காட்டுவார், ஒட்டவில்லை பாருங்கள் என்பார். 202லும் காந்தம் ஒட்டாது, அந்தச் சோதனையில் இரண்டையும் பிரிக்கவே முடியாது. மாங்கனீஸைக் காட்டும் சொட்டு மருந்து டெஸ்ட் கிட் விற்கிறது, அதில் மாங்கனீஸ் அதிகமிருந்தால் நிறம் சிவக்கும். மதுரை, சேலம் போன்ற உள்நாட்டு ஊர்களில் அறைக்கதவுக்கு 202 தாராளமாகப் போதும். தூத்துக்குடி, நாகப்பட்டினம், சென்னைக் கடற்கரைப் பக்கம் பால்கனிக் கைப்பிடிக்கு 304க்குக் குறையக் கூடாது. அதிலும் பழுப்புப் படலம் வரும், நல்ல தண்ணீரில் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

சமையலறை அலமாரியில் முழுக்க ஐ.எஸ். 710 மரைன் பிளை போடச் சொல்வார்கள். தண்ணீர் படுவது சிங்க்கின் கீழே உள்ள பெட்டியிலும், தரையை ஒட்டிய அடிப்பலகையிலும்தான். அங்கே மட்டும் 710. மேல் அலமாரிக்கு ஐ.எஸ். 303 என்ற சாதாரண பிளை போதும். தேவையற்ற இடத்தில் மரைன் பிளைக்குக் கொடுக்கும் காசை நல்ல கீலுக்கும் டிராயர் சேனலுக்கும் கொடுங்கள், தினமும் கைபடுவது அவைதான்.

வாங்காமல் தள்ளிப்போடுவது

மலிவா உசத்தியா என்று மட்டும் யோசிக்கும்போது மூன்றாவது வழி மறந்துபோகிறது. பணம் போதவில்லை என்றால் பொருளை வாங்காதீர்கள், அதற்கு வேண்டிய வழியை மட்டும் இப்போதே வைத்துவிடுங்கள். ஏசி இன்னும் மூன்று வருடம் கழித்து என்றால் இன்றைக்கு 4 ஸ்கொயர் வயர் போக 25 மி.மீ. பைப், தண்ணீர் வடியும் குழாய், இரண்டும் போதும். இரண்டாவது பாத்ரூமுக்கு கீசர் வேண்டாம், ஆனால் சுடுதண்ணீர் லைனைப் பூச்சுக்கு முன் போட்டு மூடி வையுங்கள். சோலார் எண்ணம் இருந்தால் மொட்டை மாடியிலிருந்து மீட்டர் போர்டுக்கு ஒரு காலி பைப். அலங்கார விளக்கு, சமையலறை சிம்னி, கிளாஸ் தடுப்பு எல்லாம் குடிபோன பிறகும் வாங்கலாம்.

காலியாக விடும் ஒவ்வொரு பைப்பிலும் ஒரு நைலான் கயிற்றை இழுத்து விட்டு, இரு முனையையும் டம்மி போட்டு மூடச் சொல்லுங்கள். கயிறு இல்லாவிட்டால் பின்னால் வயர் இழுக்க ஸ்பிரிங் தேட வேண்டும். பூசுவதற்கு முன் ஒவ்வொரு சுவரையும், ஓர் அளவு டேப்பைத் தரையிலிருந்து விரித்து வைத்துப் படம் எடுத்து, எந்த அறை, எந்தத் திசை என்று பெயரிட்டு வைத்துக்கொள்ளுங்கள். பில்லையும் சேர்த்தே படம் எடுங்கள். கடை பில் தாளில் எழுத்து இரண்டு வருடத்தில் மங்கிவிடும், ஃபேனுக்கும் டைவர்ட்டருக்கும் உத்தரவாதம் கேட்கப் போகும்போது அதைத்தான் முதலில் கேட்பார்கள்.